நான்கு நிமிடமும் அம்மாவின் பெருவிரலும்

என் செல்லம், யூட்,

இன்று சனிக்கிழமை. இங்கே மில்லிக்கனில் மைனஸ் பதினொன்று, வெயில் இருக்கிறது. நீ போகும் மலைப்பக்கத்துப் பனிச்சரிவு அறிக்கையைக் காலையில் எழும்பியவுடன் வாசித்துவிட்டேன். மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே ஆபத்து ஐந்துக்கு மூன்று, மரங்கள் முடிகிற இடத்திலும் மூன்று, அதற்குக் கீழே இரண்டு. காற்று தென்மேற்கிலிருந்து.

ரொறன்ரோவில் இருந்துகொண்டு உந்த அறிக்கையை ஏன் வாசிக்கிறாய் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் பனி சரிந்து ஆளை மூடக்கூடிய இடம் என்றால், ஸ்ரீல்ஸ் பிளாசாவின் பார்க்கிங்கில் தள்ளிக் குவித்து வைத்திருக்கும் அந்தக் கறுத்த குவியல் ஒன்றுதான். ஆனாலும் மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன். பல் தீட்டுவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. வாசிக்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை.

இந்தக் கடிதம் உனக்குத்தான். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த நினைவு மலரில், நீ ஹெல்மெட்டோடு சிரிக்கிற படத்துக்கு அடுத்த பக்கத்தில், நான் எழுதியது இருக்கிறது. அதில் ஒரு பொய் இருக்கிறது. கோயில் மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தை றோல்ஸோடும் கேக்கோடும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிலர் இன்னும் அலுமாரியில் வைத்திருப்பார்கள். பொய்யை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உண்மையை உனக்கு மட்டும் சொன்னால் சரியாக இருக்காது.

இன்று காலையில் ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னைத் தெரியாதவர்களுக்கு உன்னைச் சொல்லவேண்டும்.

நீ லிஃப்ற் திருத்துகிறவன். முப்பத்து நான்கு வயது. அம்மா காட்டிய படங்களில் எந்தப் பெண்ணையும் பிடிக்கவில்லை என்று சொல்லாமல், எல்லாப் பெண்ணையும் பிடித்திருக்கிறது என்று சொல்லியே தப்பிக் கொண்டிருந்தவன். பேஸ்மென்றில் ஒரு கட்டில், சுவர் முழுக்கச் சறுக்குப் பலகை. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பரி நகரப் பக்கம் ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சறுக்கவிட்டார்கள். அதோடு உனக்குப் பைத்தியம் பிடித்தது. பிறகு அந்த மேடுகள் போதாமல் போயின. ஒவ்வொரு மாசி மாதமும் கல்கரிக்குப் பறந்து, அங்கே குடியேறியிருந்த உன் பழைய வேலைத்தள நண்பன் நிமலனோடு றொக்கி மலைக்குள் போவாய். கேபிள் காரும் கம்பி வேலியும் இல்லாத மலை. பலகைக்கு அடியில் ஒட்டுத்தோல் ஒட்டி, கால்நடையாக ஏறி, பிறகு சறுக்கி இறங்குவது.

செத்தவீட்டில் ஒரு அங்கிள் என் காதுபடவே சொன்னார், "எங்கடை ஆக்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று. கையில் இருந்த ரீயை அவருடைய கோட்டில் ஊற்றவேண்டும்போல இருந்தது. ஊற்றவில்லை. வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் கார் விடலாம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். நான் ஸ்கூல் பஸ் கொம்பனியில் டிஸ்பாட்சர் அல்லவா, வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் அழவில்லை. இன்றுவரை ஒழுங்காக அழவில்லை, யூட். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரித்தான் நாட்கள் போகின்றன.

மலைப்பனி எப்படிச் சரிகிறது என்று நீ ஒருநாள் எங்கள் குசினியில் செய்து காட்டினாய், ஞாபகமா? கேக் சுடுகிற தட்டை எடுத்து, அதில் சீனியைப் பரவி, அதற்கு மேலே அம்மா பிட்டுக்கு வறுத்து வைத்திருந்த மாவை அரித்துக் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினாய். "அடியிலை இருக்கிற பனி இந்தச் சீனி மாதிரி, ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. மேலை காத்து கொண்டுவந்து இறுக்கின பலகை" என்றாய். பிறகு தட்டை மெல்லச் சரித்து, மாவின் மேல் ஒரு விரலால் தட்டினாய். மா முழுவதும் ஒரே பாளமாக உடைந்து கவுண்டரில் விழுந்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "தின்னிற சாமானிலை என்ன விளையாட்டு" என்று பேசிப்பேசியே சீனியையும் மாவையும் வழித்தெடுத்து, தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்து, பின்னேரம் இனிப்பு ரொட்டியாகச் சுட்டுத் தந்தார். நீதான் நாலு தின்றாய்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். நீயும் நிமலனும் படித்த பனிச்சரிவு வகுப்பில் ஒரு சட்டமாம். கூட்டமாகப் போகும்போது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்பவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. காரணம் சொல்லவும் தேவையில்லை. "உங்கடை பஸ்ஸுக்கும் அப்பிடித்தானே, அக்கா?" என்று கேட்டாய். ஓம், எங்கள் பஸ்ஸுக்கும் அப்படித்தான். விடிய நாலரைக்கே வேலைக்குப் போய், வானத்தையும் றோட்டையும் பார்த்து, நாற்பது ட்ரைவர்மாருக்கு இன்றைக்கு ஓடவேண்டாம் என்று சொல்லுகிற வேலை எனக்கு. பதினாறு வருடமாகச் சொல்கிறேன். தாய்மார் போன் எடுத்து ஏசுவார்கள். அதற்கெல்லாம் நான் பயந்ததே இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் வேறு சட்டம். அதை அம்மா எழுதி ஒட்டவில்லை, ஆனால் நீயும் நானும் மீறியதில்லை. வெளிக்கிட்டு நிற்கிற ஆளுக்கு நல்ல சொல் மட்டும்தான் சொல்லவேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, தூரமோ என்றுதான் கேட்கவேண்டும். போறன் என்று சொல்லக்கூடாது, போட்டு வாறன் என்று சொல்லவேண்டும். விபத்து, விழுறது, சாவு என்று எந்தச் சொல்லும் அந்த நேரத்தில் வாயில் வரக்கூடாது. எல்லாம் முடிய அம்மா பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு விடுவார்.

நீ தூரத்தில் இருந்தால் போனிலேயே போடுவார். திரையில் உன் முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்தக் கண்ணாடியில் பெருவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கீழே இழுக்கும்போது விரல் சிவப்புப் பொத்தானில் பட்டு லைன் அறுந்துவிடும். எத்தனை தரம் சிரித்திருக்கிறோம். "ஆசீர்வாதம் கிடைச்சிட்டுது, லைன் கட்" என்று நீ உடனே மெசேஜ் போடுவாய்.

இனி அந்தச் சனிக்கிழமை.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி. உன் பயணத்தின் கடைசி நாள், அடுத்த நாள் உனக்கு ஃப்ளைட். எனக்கு வேலை இல்லை. குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ போகிற நாட்களில் வழக்கமாகச் செய்வதுபோல அந்த அறிக்கையைப் பார்த்தேன். முதல் நாள் பின்னேரம் இரண்டு என்று போட்டிருந்ததை விடிய மாற்றி மூன்று என்று போட்டிருந்தார்கள். இரவு நினைத்ததைவிடக் காற்று அடித்திருக்கிறது, மரங்கள் முடிகிற இடத்தில் புதிதாகப் பலகைகள் இறுகியிருக்கின்றன, அடியில் இருக்கிற பழைய சீனிப்பனி தாங்காது, ஒரு ஆளின் பாரம் போதும் என்று எழுதியிருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன். அப்போதுதான் உன் அழைப்பு வந்தது. அம்மா செபமாலையோடு பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, எழும்பிட்டியோ?"

"எப்பவோ எழும்பிட்டன். சாப்பிட்டியோ?"

"ஓட்ஸ். நிமலன் சம்பல் கொண்டந்தவன். ஓட்ஸும் சம்பலும்."

"கருமம். ஆரும் கேட்டால் எங்கடை வீடு எண்டு சொல்லாதை."

நீ சிரித்தாய். பார்க்கிங்கில் நிற்கிறாய் என்றும், அதற்கு அங்காலே சிக்னல் இல்லை என்றும் சொன்னாய். பிறகு, "வேறை என்ன?" என்றாய்.

"வேறை ஒண்டுமில்லை. குளிரோ?"

"குளிர் பரவாயில்லை. காத்துத்தான்."

காற்று என்ற சொல் எனக்கு முன்னால் திரையில் இருந்தது. என் விரல் அதற்குப் பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ட்ரைவ்வேயில் பனியைத் தள்ளிவிட்ட கதையைச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். வழக்கமாக அந்தக் கதை என்றால் பாதியில் மறித்துவிடுவாய், அன்றைக்கு முழுக்கக் கேட்டாய். முடிய, "வேறை என்ன, அக்கா?" என்றாய்.

"ஒண்டுமில்லையடா."

அம்மா போனுக்குக் கிட்டக் குனிந்து, "தூரமோ, அப்பன்?" என்றார்.

"இல்லையம்மா, கிட்டத்தான்."

"கவனமாப் போட்டு வா."

கார்க் கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது. "அப்ப, வேறை என்ன?" என்று மூன்றாம் தரமும் கேட்டாய்.

"நாளைக்கு எயார்போட்டுக்கு நான் வாறன்" என்றேன்.

"சரி, அப்ப போட்டு வாறன்."

அம்மாவின் பெருவிரல் கண்ணாடியில் இறங்கியது. லைன் அறுந்தது. நான்கு நிமிடமும் பன்னிரண்டு செக்கனும் என்று என் போனில் இன்னும் இருக்கிறது.

நான் திரும்பப் போன் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், நீ இன்னும் காருக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பாய். மூன்று என்றால் போகவே கூடாது என்று அர்த்தமில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடைசி நாள், ஆசையாக நிற்கிறான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார். இவ்வளவும் நினைத்து முடித்துவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

பின்னேரம் நிமலன் போன் எடுத்தபோது அவன் ஒரு வசனத்தையும் முடிக்கவில்லை. விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன பேசினான் என்று. முதலில் கேட்டது ஒஷாவா மாமி. அவரிடம்தான் முதலில் சொன்னேன். "காத்து கூடிப்போச்சு எண்டு சொல்ல வாயெடுத்தனான் மாமி, அதுக்குள்ளை அம்மான்ரை விரல் பட்டு லைன் கட்டாயிட்டுது." அந்த வசனம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. சொன்னவுடன் மாமி என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மைபோலவே ஆகிவிட்டது. கடைசியில் நினைவு மலரிலும் எழுதினேன், கொஞ்சம் அழகுபடுத்தி, தாயின் ஆசீர்வாதமே கடைசிச் சொல்லானது என்று. வாசித்தவர்கள் அழுதார்களாம்.

அம்மாவும் வாசித்துவிட்டு மலரை மூடி வைத்தார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் யாருக்கும் சிலுவை போடுவதில்லை, யூட். விடிய நான் வேலைக்கு வெளிக்கிடும்போது எழும்பி வந்து கதவடியில் நிற்பார். வலக்கைப் பெருவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களால் பொத்திக்கொண்டு நிற்பார். செபமாலையை இடக்கைக்கு மாற்றிவிட்டார். அந்தக் கையில் மணி ஒழுங்காக உருளாது, அடிக்கடி எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்குவார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வருடம் பார்த்தேன். அம்மா, உங்கள் விரல் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நாற்பது ட்ரைவர்மாருக்குச் சொல்லுகிற வாய் எனக்கு. சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் உன் இரண்டாம் ஆண்டுப் பூசைக்கு நிமலன் வந்தான். உன்னைக் கொண்டுவந்து சேர்த்தபிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. போன வருடம் எவ்வளவோ கேட்டும் வரவில்லை. தாடி வளர்த்திருக்கிறான், பாதி நரைத்துவிட்டது. பூசை முடிய வீட்டுக்கு வந்து, நீ மா கொட்டிய அதே கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றான். அம்மா அடுப்படியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே பேசத் தொடங்கினான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நாங்கள் அதை வாசிச்சம்."

"எதை?"

"விடிய மாத்தின அறிக்கையை. மூண்டு பேரும் காருக்குள்ளை இருந்துதான் வாசிச்சம், நானும் அவனும் மொனிக்கும், அவரவர் போனிலை." மொனிக் அவனோடு வேலை செய்கிற கியூபெக்காரி, அன்றைக்கு உங்களோடு மூன்றாவது ஆள். "வாசிச்சிட்டு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அவள் என்னைப் பாத்தாள். நான் அவனைப் பாத்தன். அவன் இதுக்கெண்டு ரொறன்ரோவிலை இருந்து வந்து நிக்கிறான், அவன்ரை கடைசி நாள். என்ரை ஊருக்கு வந்த ஆளுக்கு நான் எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது? அவன் சொன்னால் திரும்புவம் எண்டு நினைச்சன். அவன் ஒண்டும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கிப்போய் உங்களுக்குப் போன் அடிச்சவன்."

பிறகு மிச்சத்தையும் சொன்னான். மரங்களுக்குள்ளால் ஏறியது, நடுவில் மரமில்லாத ஒரு வெளியைக் கடக்கவேண்டியிருந்தது, ஒவ்வொருவராகப் போவோம் என்று நீ முதலில் போனது. பாதியில் உனக்கு மேலே பனியில் வெடிப்புக் கோடு விழுந்ததை அவன் கண்ணால் கண்டான். கத்தினானாம், கேட்டிருக்காது. நெஞ்சில் கட்டியிருந்த சிக்னல் பெட்டியால் தேடி உன்னைக் கெதியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். தோண்டுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் கீழே மரங்கள் இருந்தன. மூச்சுமுட்டி இல்லை, மரத்தில் அடிபட்டுத்தான் என்று டொக்டர் சொன்னார். அவன் இதையெல்லாம் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான்.

அடுப்பில் எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது. அம்மா எப்போது அதை நிற்பாட்டினார் என்று எனக்குத் தெரியாது. கையில் துளைக்கரண்டியோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் சொல்லிவிட்டான், இனி நான் சொல்லாமல் இருக்கமுடியாது என்று பட்டது. "அம்மா" என்றேன். "உங்கடை விரலாலை ஒண்டும் நடக்கேல்லை. நான் வாயெடுக்கவே இல்லை. நாலு நிமிசம் இருந்தது. எனக்கு முன்னாலை கொம்பியூட்டரிலை இருந்தது. நான் சொல்லேல்லை. பிறகு உங்கடை தலையிலை போட்டன்."

அம்மா துளைக்கரண்டியைத் தட்டில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார்.

"எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார். "நான் பக்கத்திலைதானே இருந்தனான். நீ எதையோ பாத்துப்போட்டு முழுங்கிக்கொண்டு இருக்கிறாய் எண்டு விளங்கினது. வாயைத் திறந்து திறந்து மூடுறாய். வெளிக்கிட்டு நிக்கிற பிள்ளைக்கு ஏதும் கூடாத சொல்லு சொல்லிப்போடுவாய் எண்டுதான் நான் கெதியெண்டு சிலுவை போட்டனான். தெரிஞ்சுதான் அமத்தினனான், சிவப்பை."

நான் இரண்டு வருடமாகப் பொய் என்று நினைத்துச் சொன்னது அம்மாவுக்கு உண்மையாக இருந்திருக்கிறது. மூன்று பேரும் அழுதிருக்கவேண்டிய இடம். ஒருத்தரும் அழவில்லை. அம்மா கட்லட்டைத் தட்டில் எடுத்துவைத்து, "சாப்பிடு, தம்பி, ஆறப்போகுது" என்றார். நிமலன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். உப்புக் குறைவு, அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

போகும்போது கதவடியில் நிமலன் சொன்னான், இந்த மாசியில் திரும்பவும் மலைக்குப் போக நினைக்கிறானாம். இரண்டு வருடமாக அவன் பலகையைத் தொடவே இல்லை. அம்மா அவனைக் கோபிப்பார் என்று நினைத்தேன். அம்மா, "போறதெண்டால் வெளிக்கிட முன்னம் எங்களுக்குப் போன் அடிச்சுப்போட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். சிலுவை போடவில்லை. அவன் இந்துப் பிள்ளை, ஆனாலும் நெற்றியைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

இன்று காலை அவன் போன் எடுத்தான்.

அதே பார்க்கிங் இல்லை, வேறு மலை. ஆனால் அதே நேரம், அதே குசினி மேசை. அம்மா அதே கதிரை. லப்டொப் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வெளிக்கிடப்போறம். அன்ரி நிக்கிறாவோ?"

"நிக்கிறா. சாப்பிட்டியோ?"

"ஓம். அங்கை என்ன மாதிரி, பனியோ?"

"வெயில். ஆனால் குளிர்."

"வேறை என்ன, அக்கா?"

யூட், அறிக்கையில் மூன்று என்று இருந்தது, காற்று என்று இருந்தது. அதே வசனங்கள்தான், கொஞ்சம் இடம் மாறி. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மடியில் பொத்தி வைத்திருந்த வலக்கையைத் தூக்கினார். சிலுவை போடப்போகிறார், முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கையால் லப்டொப்பை என் பக்கம் தள்ளினார்.

"பொறு, தம்பி. வைச்சுப்போடாதை" என்றார் போனுக்கு. என்னிடம், "அதிலை கிடக்கிறதை வாசி. எனக்கும் விளங்கத் தமிழிலை சொல்லு" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக. காற்று எங்கே பனியைக் கொண்டுபோய் இறுக்கியிருக்கிறது, எந்தப் பக்கத்துச் சரிவு, அடியில் என்ன இருக்கிறது, ஒரு ஆள் பாரம் போதும் என்பது எல்லாம். சாகலாம் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு முன்னால், வெளிக்கிட்டு நிற்கிற ஆளுக்கு, அந்தச் சொல்லையே சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், காதைப் பொத்தவில்லை. கடைசியில் நான், "மேலை போகவேண்டாம், நிமலன்" என்றேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நீ சொன்னதால் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் காற்று மட்டும் கேட்டது.

"நானும் வாசிச்சனான், அக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. "மொனிக்கும் வாசிச்சவள். ஆராவது ஒராள் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்குத்தான் எடுத்தனான்."

மேலே போகவில்லை என்றும், கீழே மரங்களுக்குள் சரிவில்லாத இடத்தில் நடந்துவிட்டு வருகிறோம் என்றும் சொன்னான். மற்றப் பக்கத்தில் மொனிக் பெருமூச்சு விட்டது இங்கே எங்களுக்குக் கேட்டது.

நீயும் அதற்குத்தான் எடுத்தாயா, யூட்? வாசித்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் பனிக் கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றாயே. மூன்று தரம் கேட்டாயே. ஒரு தரம் கேட்பது வழமை, எல்லோரும் கேட்பதுதான். மூன்று தரம் யாரடா கேட்பார்கள்?

இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன். கை மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது.

காலையில் நிமலன் லைனில் நிற்கும்போதே அம்மா போனைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அந்தச் சிவப்பு எங்கை கிடக்கு?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அதற்கு மேலே, நன்றாக மேலே, இரண்டு வருடத்துக்குப் பிறகு தன் பெருவிரலை வைத்துச் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். லைன் அறவில்லை. அம்மா இன்னும் கிட்டக் குனிந்து, அவனிடம் மெதுவாகக் கேட்டார்:

"வேறை என்ன, அப்பன்? சொல்லு, நாங்கள் இருக்கிறம்."

யூட், இனி இந்த வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கும், இந்தப் போனில் நிற்கிறவர்களுக்கும், எனக்குத் தெரிந்த கெட்டதை நான் முதலில் சொல்லுவேன். பிறகுதான் அம்மா சிலுவை போடுவார். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன், எல்லோரும் கேட்கத் தருகிறேன். யாராவது என்னிடம் வேறென்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உனக்கு ஏழு வருடம் முந்தி அதே வயிற்றில் கிடந்தவள்,
உன் அக்கா றீற்றா